சுறாவுக்குக் கட்டிய மணி

என் தங்கச்சிக்கு மீன் சந்தையில் சுறாக்காரி என்று பேர். கல்யாணம் வேண்டாமென்று கடலைக் கட்டிக்கொண்டவள். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை.

கூட்டங்கூட்டமாக வந்த சுறாக்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தன. சினைச் சுறாக்கள் எங்கே குட்டி போடுகின்றன என்று தெரிந்தால், அங்கே வலை போடக் கூடாதென்று தடை வாங்கிவிடலாம். அதற்காகச் சுறாக்களைப் பிடித்து, முதுகுத் துடுப்பில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி விடுவாள். அது அனுப்பும் சத்தம் அவள் படகிலிருக்கும் பெட்டியில் கேட்கும்.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரியாடி?"

"அதேதான் அக்கா. தொலைஞ்சா தேடிக்கலாம்."

இடம் தெரிந்தது. ஆனால் தடை வரவில்லை. அதிகாரிகள் கூட்டம் போட்டு டீ குடித்துக் கலைந்தார்கள்.

ஒருநாள் காலையில் ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரை முழுக்கச் சினைச் சுறாக்கள். கிழிந்த வயிறுகளுக்குப் பக்கத்தில் கண் திறந்த குட்டிகள். ஏலக்காரர் அவளிடம் ஒரு வாளியை நீட்டினார். உள்ளே அவள் பொருத்திய கருவிகள்.

"உங்க சாமான் மேடம், பத்திரமா கழட்டி வெச்சிருக்கோம். அதே பெட்டி நாங்களும் வாங்கிட்டோம்ல! இன்னும் நாலுக்கு மணி கட்டுங்க, புண்ணியமாப் போகும்."

கூடமே சிரித்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கருவிகளைக் குழாயடியில் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"உன் மனசு ஆண்டவனுக்குத் தெரியும்டி" என்றேன்.

"ஆண்டவனுக்குத் தெரியும். சுறாவுக்குத் தெரியுமா?"

இன்னும் சில சுறாக்கள் மணியோடு கடலில் திரிந்தன. தேடித் தேடிப் பிடித்து ஒவ்வொன்றின் மணியையும் அறுத்துவிட்டாள். "பாதி ஆயுசு வேலையை நீயே அழிக்கிறியே, பைத்தியமா?" என்று மேலதிகாரி கத்தினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாக மாட்டியது, 'பெரியம்மா' என்று அவள் கூப்பிடும் பெரிய சுறா. அது திமிறியதில் அவள் கை கிழிந்தது. மணியை அறுத்து விட்டதும் பெட்டி அடங்கிப்போனது.

இப்போது தினமும் விடிந்ததும் ஏலக்கூடத்துக்குப் போய், துடுப்பில் அறுத்த தழும்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு சுறாவாகப் பார்க்கிறாள். அவள் திரும்பி வரும்வரை சாமி முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

இன்றைக்கும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"பெரியம்மா இல்லை அக்கா."

"நல்லதுதானேடி?"

"வேற சந்தைக்குப் போயிருந்தா?"

கையைக் கழுவப் போய்விட்டாள். நான் சாமி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.