டேகில் யார் பெயர்

போன் வந்த காலை

காலை எட்டே முக்கால் மணி இருக்கும். செக்‌ஷன் போனை நான்தான் எடுத்தேன். மதுக்கரையில் ஒரு பூத்திலிருந்து டாக்டர் தெய்வானை பேசினார்.

"முருகசாமியண்ணா, கொழந்தைக்குக் காய்ச்சல்ல ஜன்னி வந்திருச்சுங்க. ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன். அவரு சிமென்ட் கம்பெனி ஷிஃப்டுல இருக்காரு, சொல்லி உட்டிருக்குது, இன்னும் வரல. நேத்து எடுத்த மொட்டுக்கெல்லாம் நீங்களே கிராஸ் போட்டுருங்க. ஃபீல்டு புக்ல நீங்க போட்டதுன்னே எழுதிருங்க."

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க எனக்கு இன்றைக்கும் கூச்சம்.

பருத்தியில் கிராஸ் போடுவது, அதாவது இரண்டு ரகங்களைக் கலப்பது, இரண்டு நாள் வேலை. நாளை விரியப்போகும் மொட்டை இன்று மாலையே பிரித்து, மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, சிவப்பு கவர் மாட்ட வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் வேறு ரகத்துப் பூவின் மகரந்தத்தைத் தடவி, வெள்ளை கவர் மாட்டி, எந்த ரகம், யார் போட்டது என்று எழுதிய டேக் கட்ட வேண்டும். அந்தக் காலையை விட்டால் பூ வீண். பூச்சியைத் தாங்கும் ஒரு ரகத்துக்காகத் தெய்வானை அம்மா மூன்று வருடம் பாடுபட்டதெல்லாம் அந்த வாரத்து மொட்டுகளில்தான் இருந்தது.

போனை வைத்தேன். எங்கள் செக்‌ஷன் ஹெட், அவரும் சயின்டிஸ்ட்தான், பின்னால் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நீ தொடக்கூடாது முருகசாமி. சயின்டிஸ்ட் வரலைன்னா கிராஸ் இல்ல. பூ போனாப் போவுது. பொம்பளைங்களுக்கு ப்ராஜெக்ட் குடுக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், யாரு கேட்டாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போன மாதம்தான் அவர் பொள்ளாச்சியில் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் மூன்று நாள் வரவில்லை. அவருடைய செடிகளுக்கு அத்தனை கிராஸும் போட்டவன் நான். டேகில் அவர் இனிஷியலை எழுதியவனும் நான். யார் போட்டாலும் டேகில் சயின்டிஸ்ட் இனிஷியல்தான் என்பது எங்கள் பண்ணை வழக்கம். அவர் ஊரில் இருந்த நாட்களிலும் வெயிலில் நின்றது நானும் கூலிக்கு வந்த பெண்களும்தான். அவர் இனிஷியலை எழுதி எழுதியே என் கையெழுத்து திருந்தியது.

அவர் உள்ளே போகும்வரை காத்திருந்தேன். பம்ப் ரூம் பின்பக்கமாக வயலுக்குப் போனேன். பத்தரைக்குள் ஒரு சிவப்பு கவர் மிச்சமில்லாமல் முடித்தேன். அந்தம்மா சொன்னபடியே ஃபீல்டு புக்கில் எழுதினேன்: கிராஸ் போட்டது முருகசாமி.

எங்கள் பண்ணையில் அதற்கு முன் யாரும் அப்படி எழுதியதில்லை.

விசாரணை

ஹெட் அந்தப் பக்கத்தையே காப்பி எடுத்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார். படிக்காத ஆளிடம் ஆராய்ச்சியை விட்டுவிட்டுத் தெய்வானை அம்மா வீட்டில் இருந்துவிட்டாராம். ப்ராஜெக்டை வேறொருவருக்கு மாற்ற வேண்டுமாம். பத்து நாளில் ஒரு பெரிய அதிகாரி வந்தார். சாட்சிக்கு என்னைக் கதவோரம் நிற்க வைத்தார்கள்.

எங்கள் பக்கத்து மரியாதை, அவமானப்படுத்தும்போதுகூட 'ங்க' போடும். அதிகாரி கேட்டார்: "ஏனுங்கம்மா, கொழந்தையப் பாத்துக்க ஊட்ல ஆளே இல்லீங்களா?"

"இதே கேள்விய சார்கிட்டக் கேட்டிருக்கீங்களா சார்? அவருக்கும் மூணு கொழந்தைங்க" என்று தெய்வானை அம்மா ஹெட்டைக் காட்டினார்.

ஹெட் சிரித்தார். "அதுக்கு ஊட்ல அவங்கம்மா இருக்குதுங்களே!"

அதிகாரியும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கிராஸ் போட்டது நீதானப்பா?"

"ஆமாங்க."

"சரி, போ."

கதவைத் திறந்துவிட்டேன். ஒரு கால் வராந்தாவில் இருந்தது. அந்தச் சிரிப்பு காதிலேயே நின்றது. திரும்பினேன்.

"ஏனுங்க ஐயா, சார் செடிக்கும் நாந்தானுங்க போடறேன்."

"என்றா சொல்றே?" என்று ஹெட் எழுந்தார்.

"பதினோரு வருசமாப் போடறனுங்க. டேகெல்லாம் என்ற எழுத்துங்க. வேணும்னா ஃபீல்டுக்கு வாங்க, காட்டறேன். அது தப்பில்லைன்னா இதும் தப்பில்லீங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "அது வேற விசயம்ப்பா" என்றார். ஆனால் வயலுக்கு வரவில்லை. நான் சொன்னதை எழுதவும் இல்லை. எழுதினால் ஹெட்டும் பதில் எழுத வேண்டும். அடுத்த வாரம் புகார் வாபஸ் ஆனது. ப்ராஜெக்ட் தெய்வானை அம்மாவிடமே இருந்தது. ஹெட் செய்தது தப்பு என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேல்தான்.

விசாரணைக்கு மறுநாள் வயலில் அந்தம்மா டேக் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன்.

"கொழந்தை எப்படிங்க மேடம்?"

"நல்லாருக்குதுங்க." தலை நிமிராமலே கேட்டார். "ஏனுங்ணா, எனக்கு முன்னாடி ஜெயந்தின்னு ஒரு டாக்டர் இங்க இருந்தாங்களாமே. பிரசவ லீவு முடிஞ்சு வந்ததும் ஃபீல்டுக்குச் சரியா வாரதில்லைன்னு மெமோ மேல மெமோ குடுத்து, வேலையவே உட்டுப்போட்டுப் போனாங்களாமே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதானுங்க இருந்தேன்."

"அவங்க செடிக்கு யாரு கிராஸ் போட்டது?"

"நாந்தானுங்க. எல்லாருக்கும் நாந்தானுங்க."

அவர் அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

லேபிலும் பண்ணையிலும் இப்போது வேலைக்குச் சேருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கைக்குழந்தையோடு வேலைக்கு வரும் அம்மாக்களின் பையைத் தூக்குவதும், அவர்களுக்கு டீ வாங்கி வருவதும்தான் உதவி என்று நான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு என்னிடம் வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: எல்லாருக்கும் நான்தான் போடுகிறேன். அது பதினோரு வருடமும் என் வாயில் இருந்தது. நான் கூச்சப்பட்டேன். ஜெயந்தி அம்மாவுக்கு வேலை போயிற்று.