சித்தப்பா செய்த ஸ்ட்ரைக்

சித்தப்பாவுக்கு வயதான பிறகு, சுங்கை பட்டாணியில் ஒரு கோயில் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மலாயாவின் அவசரகாலத்தில், ஸ்ட்ரைக் என்ற சொல்லை உச்சரிக்கவே ஜனங்கள் நடுங்கிய நாளில், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் முகத்துக்கு நேரே ஸ்ட்ரைக் செய்த தொழிலாளி இவர் என்று ஓர் இளைஞர் ஒலிபெருக்கியில் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சித்தப்பா எதையும் மறுக்கவில்லை. எல்லாரையும் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

இருவரும் இப்போது இல்லை. அந்த ஸ்ட்ரைக்கை நேரில் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சம் நான்தான். சித்தப்பாவை எங்கள் தோட்டத்துக்காரர்கள் ஒரு விதமாகவும் மண்டபத்துக்காரர்கள் இன்னொரு விதமாகவும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பதால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. சிதறிக் கிடந்த லயத்து வரிசை வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்கு நெருக்கிக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்து சர்க்காரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். கடையில் இனிப்புக் கெட்டிப்பால் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்துவைக்க முடியாது. பொழுது சாய்ந்தால் கர்பியூ. அதற்கு முன்னால் தோட்டத்தில் நடந்த ஒரு ஸ்ட்ரைக்கில் முன்னே நின்றவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிலரைக் கப்பலில் இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதாகப் பேச்சு. அதிலிருந்து அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

இந்த வேலிக்குள்தான் சித்தி கல்யாணமாகி வந்தாள். அவள் லூனாஸ் டவுன்காரி. அவள் அப்பாவுக்கு அங்கே சைக்கிள் கடை. கடைவீதியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தவளுக்கு எங்கள் லயம் கோழிக்கூடாகத் தெரிந்திருக்கும். யாரோடும் பேச மாட்டாள். சித்தப்பாவோ, ஒரு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு அந்த ஒரு வார்த்தையையும் செலவழிக்காதவர். இரண்டு ஊமைகளைக் கட்டிவைத்துவிட்டதாக அம்மா சொல்வாள்.

ஒருநாள் சித்தியின் அண்ணனிடமிருந்து ஆள் வந்தது. கலவரம் அடங்குகிற வரைக்கும் தங்கச்சி லூனாஸில் இருக்கட்டும், திங்கட்கிழமை காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். சித்தி உடனே டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அப்பாவிடம் அம்மா தாழ்ந்த குரலில், "போனா திரும்பி வரமாட்டா, பாத்துக்குங்க" என்றாள். சித்தப்பா கேட்டும் கேளாததுபோல் பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்தான் ஆட்டம்.

திடலை ஒட்டிக் கூடாரம் போட்டிருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் பொழுது போகவில்லை. தோட்டத்து ஆட்களோடு பேஸ்பால் ஆடலாம் என்றும், ஜெயித்தவர்களுக்கு ஒரு பெட்டி பால் டின் என்றும் சார்ஜண்ட் சொன்னதாகக் கிராணி வந்து அறிவித்தார். ஆபீசில் கணக்கு எழுதும் அவர்தான் தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர். ஆட்டம் எப்படி என்று கேட்டதற்கு, "கிரிக்கெட் மாதிரிதான். பந்து தரையில குத்தாது, அவ்ளோதான்" என்றார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது என்பது பிற்பாடு புரிந்தது.

பந்தெறியச் சித்தப்பாவை நிறுத்தினார்கள். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிச் செய்த பந்தை எறிந்து வளர்ந்த கை அவருடையது. அவர் எறிந்தால் நேரே வந்து கடைசியில் கொஞ்சம் ஒடிந்து திரும்பும். எங்கள் பக்கம் அதைப் பிடிக்க ஆள் இல்லாததால் சிப்பாய்களே ஒருவனைக் கையுறையோடு கடன் கொடுத்தார்கள். அவனுக்குப் பின்னால் சார்ஜண்ட் நடுவராக நின்றார். பெண்கள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்தோம். புதுப்பெண் தனியாக இருக்கக் கூடாதென்று அம்மா என்னைச் சித்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

முதல் பந்து. ஆறடிச் சிப்பாய் மட்டையைச் சுழற்றினான். காற்றுதான் அடிபட்டது. சார்ஜண்ட் முஷ்டியை உயர்த்திக்கொண்டு கத்தினார்:

"ஸ்ட்ரைக்!"

திடலில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் வேலி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடிக்க வந்தவன் வீசித் தவறவிட்டால் அந்த ஆட்டத்தில் அதற்குப் பெயர் ஸ்ட்ரைக். மூன்று தவறினால் அவன் அவுட். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த கட்சி அடிக்கும். இதை நான் தெரிந்துகொள்ள, என் மகன் பெரியவனாகி வீட்டுக்குப் பெரிய தொலைக்காட்சி வாங்க வேண்டியிருந்தது. அன்றைக்குத் திடலில் இருந்த எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்ட்ரைக்தான். அதற்கு லாரி வரும்.

"என்னா சொல்றான்?" என்று அப்பா கிராணியைக் கேட்டார்.

"ஸ்ட்ரைக்ங்கிறான்."

"அது காதுல விழுந்திச்சு. யார சொல்றான்?"

கிராணி பதில் சொல்வதற்குள் இரண்டாவது பந்தும் மூன்றாவது பந்தும் போய்விட்டன. இரண்டு தடவையும் அதே கத்தல். மூன்றாவதற்குச் சார்ஜண்ட் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் ஆட்டிக் காட்டினார். சிப்பாய் மட்டையைத் தரையில் போட்டுவிட்டுக் கடுகடுவென்று போனான். நம்மேல் கோபித்துக்கொண்டு போகிறான் என்று முணுமுணுத்தார்கள். அடுத்து வந்தவனும் அப்படியே போனான். அதற்கடுத்தவனும்.

சித்தி என் காதருகே குனிந்தாள். "ஏய், அவனால அடிக்கவே முடியல, பாத்தியா?"

"சும்மா இருங்க சித்தி. அப்பாவே பயந்துபோயி நிக்கிறாரு" என்று அதட்டினேன்.

எங்கள் ஆட்கள் அடிக்கும் முறை வந்தபோது, விருந்தாளிகள் பெரிய மனதோடு மட்டையைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கில்லி ஆடிய பழக்கத்தில் யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது தூரமாய்ப் போய், எங்களுக்கு இரண்டு ஓட்டம் கிடைத்தது. மறுபடி சித்தப்பா எறிய வந்தார். மறுபடி ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக். வெளியே இருந்த சிப்பாய்கள் எல்லாரும் எழுந்து வந்து, கைகட்டி நின்று, சித்தப்பாவையே பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். அப்பாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திடலுக்குள்ளேயே நடந்து போனார்.

"தம்பி, போதும்லா. பந்தக் குடுத்துட்டு வந்துடு."

"ஏண்ணே? நல்லாத்தானே போவுது."

"என்னாடா நல்லா போவுது? இத்தன தடவ ஸ்ட்ரைக்கு ஸ்ட்ரைக்குங்கிறான். எல்லாரும் உன் மூஞ்சியப் பாத்து வெச்சிக்கிட்டானுங்க. நாளைக்கு லாரி வந்து நின்னா நான் எங்க போயி கேப்பேன்?"

சித்தப்பா சார்ஜண்டைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பந்தைக் கிராணியின் கையில் வைத்துவிட்டுத் தொட்டிப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். சார்ஜண்ட் இரண்டு கையையும் விரித்து என்னவோ கேட்டார். "வயித்து வலின்னு சொல்லிட்டேன்" என்று கிராணி அப்பாவைச் சமாதானப்படுத்தினார்.

கிராணியின் பந்து சாமிக்குப் பூப்போடுவதுபோல் வந்தது. ஒவ்வொன்றையும் சிப்பாய்கள் வெளுத்து வாங்கினார்கள். ஒன்று வேலியைத் தாண்டியது, ஒன்று லயத்துத் தகரக்கூரையில் இடித்து உருண்டது. ஜனங்களுக்கு உயிர் வந்தது. சார்ஜண்ட் வாயே திறக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தார்கள். பந்து போடுவதென்றால் கிராணியார் மாதிரிப் போட வேண்டும், அடிக்கிறவனுக்கும் மரியாதை, பார்க்கிறவனுக்கும் சந்தோஷம் என்றார்கள். எவ்வளவு ஓட்டத்தில் தோற்றோம் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

சித்தி மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். "நல்லா போட்டவர ஏன் எடுத்துட்டாங்க?" என்று சத்தமாகவே கேட்டாள். அவள் குரல் இப்படித்தான் இருக்குமா என்று பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெயித்த சிப்பாய்கள் பால் பெட்டியை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் சட்டம் சட்டம்தான். சார்ஜண்டே உட்கார்ந்து ஒவ்வொரு டின்னிலும் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டார். எறும்பு வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று தோட்டமே அண்ணாந்து டின்னை வாயில் வைத்து உறிஞ்சியது. நடுவில் சார்ஜண்ட் எழுந்துபோய்ச் சித்தப்பாவின் தோளை அழுத்திப் பார்த்து, நிறையப் பேசினார். வயிற்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கிராணி மொழிபெயர்த்தார்.

லாரி வரவில்லை. ஆனாலும் தோட்டத்தில் சித்தப்பாவுக்குப் பந்து போடத் தெரியாதவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பட்டப்பெயரும் 'ஸ்ட்ரைக்கு' என்றே ஆகிவிட்டது. காரணம் மறந்துபோன பிற்காலத்தில் அந்தப் பெயரை நம்பித்தான் பொன்னாடை வந்தது.

திங்கட்கிழமை காலை சித்தியின் அண்ணன் வந்து வேலி வாசலில் காத்திருந்தார். சித்தி வெறுங்கையோடு போனாள். நானும் கூடவே ஓடினேன்.

"பெட்டி எங்கம்மா?"

"இப்ப வரலண்ணே. அப்பாகிட்ட சொல்லிடுங்க."

"ஏன், நீதானே வரேன்னு சொன்ன?"

"சொன்னேன். இப்ப வரலன்னு சொல்றேன்லா."

அடுத்த ஆட்டத்துக்கும் பால் டின் வரும் என்றுதான் சித்தி தங்கிவிட்டாள் என்று நான் தோழிகளிடம் சொல்லிவைத்தேன். லூனாஸில் பால் டின் கிடைக்காதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் வெகுகாலம் அதையே நம்பினேன்.

தொலைக்காட்சியில் அந்த விதியைக் கண்டுபிடித்த மறுநாளே சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அன்றைக்கு நீங்கள் தொடர்ந்து எல்லாரையும் அவுட்டாக்கினீர்கள், நாம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோம் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். சித்தப்பா, "அப்படியா?" என்றார்.

அடுப்படியிலிருந்து சித்தி பதில் சொன்னாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும். வந்தவன் வந்தவன் எல்லாம் மட்டையப் போட்டுட்டுத் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறான். இதுக்கு இங்கிலீசு வேற தெரியணுமா?"

சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அன்று ஒவ்வொரு பந்தை எறிந்த பிறகும் அவர் நானும் சித்தியும் உட்கார்ந்திருந்த தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று கையாட்டினேன். ஒரு தடவைகூடப் பதிலுக்கு அவர் கையாட்டவில்லை. அதில் எனக்கு அவர்மேல் ரொம்ப நாள் வருத்தம்.