தெற்குச் சுவரில் நான் வைத்த குள்ள வாசல்

சம்மாந்துறையில் அரிசி ஆலை மூன்று. மருதமுனையில் நெசவுக் கொட்டகைகள், எண்ணிச் சொல்ல ஏலாது. அக்கரைப்பற்றுச் சந்தியில் இரண்டு மாடிக் கடை. எங்கள் பள்ளிவாசல் மினாரா. அதில் ஏறப் பயந்து இரண்டு மேசன்மார் கீழே நின்றார்கள், நான் ஏறினேன். இவ்வளவும் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் கட்டினது. வாப்பா எனக்கு வைத்துவிட்டுப் போனது ஒரு சாந்துக் கரண்டியும் தூக்குக்குண்டும்தான். நான் கட்டின சுவர் ஒன்றும் இன்றுவரை தானாக விழவில்லை. கல்முனைத் தியேட்டரும் தானாக விழவில்லை. போன மாதம் மெஷின் வைத்து இடித்தார்கள்.

அது பிரதான வீதியின் மேற்குப் பக்கம் இருந்தது. கட்டுவித்தவர் துணி வியாபாரம் செய்த ஒரு முதலாளி. இப்போது மர்ஹூம், இறந்து போனார். கொழும்பு இஞ்சினியர் ஒருவர் வரைந்து கொடுத்தார். வீதிப் பக்கம் கிழக்கே வாசல், உள்ளே மேற்கே திரைச் சுவர். எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. எனக்கும்தான். அந்தச் சுவரை மூன்று பூச்சுப் பூசி, முட்டைக் கோது போல வெள்ளையாக்கினது நான்.

கூரை போட்ட பிறகு அசர் தொழுகையை உள்ளேயே தொழுவோம். வெறும் சீமெந்துப் பைகளை விரித்து வரிசையாக நிற்போம். ஒருநாள் நான் வாசல் பக்கத்துச் சாரக்கட்டில் நின்று பிந்திவிட்டேன். மேலேயிருந்து பார்க்கிறேன், வேலையாட்கள் எல்லோரும் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் ருகூவில் குனிந்து நிற்கிறார்கள். மாதக்கணக்காக நானும் அப்படித்தானே தொழுதேன். திரை கிப்லாவில், தொழுகிற திசையில் இருக்கிறது. நாளைக்கு ஊர் முழுக்க கஃபாவுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் போகிறது.

முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார். "மேசன், நீ சுவரப் பாரு. திசைய நான் பாக்கன்."

மூன்று நாளில் கதை பள்ளிவாசலுக்குப் போய்விட்டது. அதை நிர்வகிக்கிற மரைக்காயர்மார் வந்து திரைக்கு முன்னால் நின்றார்கள். மூத்தவர் கேட்டார், "படம் பாக்கிறதே பாவம். அதக் கிப்லாவப் பாத்துச் செய்யவா இவ்வளவு செலவழிச்சீங்க?"

இடித்துத்தான் கட்டவேண்டும் என்று இஞ்சினியர் சொல்லி அனுப்பினார். முதலாளி சீமெந்து மூட்டையில் உட்கார்ந்து அழுதார்.

"கட்டிடம் அப்படியே இரிக்கட்டும் முதலாளி," என்றேன். "ஆக்களத் திருப்புவம்."

கிழக்கு வாசலுக்கு மேலே திரை. மேற்கே மெஷின் அறை. மண் கொட்டித் தரையின் சரிவை மறுபக்கம் மாற்றினேன். ஒரு மழைக்காலத்துக்குள் முடித்தேன்.

ஒரு குறை இருந்தது. திரைக்குக் கீழே நுழைகிறவனின் முகத்தை முழுத் தியேட்டரும் பார்க்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒளித்து வருகிறவர்கள். ஒரு ஹாஜியார் தொப்பியை மடியில் சொருகிக்கொண்டு நுழைவார். இருட்டுக்குள் ஒரு குரல் வரும், "ஹாஜியார், உங்கட மருமகன் நாலாம் வரிசையில இரிக்கார். ஒதுங்கிப் போங்க." மருமகன் பெஞ்சுக்கடியில் குனிவார்.

ஆண்களுக்கு அது பகிடி. கட்டின காலம் முழுக்க எனக்குச் சோறு கொண்டுவந்த என் பெண்சாதிக்கு அப்படியில்லை.

"ஊர் ஆம்புளையள் எல்லாருக்கும் முகத்தக் காட்டிக்கிட்டு நான் வரமாட்டன். நீங்க கட்டினத நீங்களே பாருங்க."

"வேற வாசல் வெச்சா?"

"வெச்சாப் பாப்பம்."

ஆட்டம் இல்லாத ஒரு காலையில், யாரிடமும் கேட்காமல், தெற்குச் சுவரின் பின்மூலையை உடைத்து வாசல் வைத்தேன். அளவுகோல் எடுக்கவில்லை. அவள் தலைக்கு மேலே நாலு விரல், அவ்வளவுதான். உள்ளே பெண்களுக்கு ஒரு மறைப்புச் சுவரும் எழுப்பினேன். முதலாளி ஏசினார். பெண்கள் வரிசையில் நிற்பதைக் கண்ட பிறகு ஏச்சை விட்டார்.

அவள்தான் முதலில் நுழைந்தாள். உயரமான பெண்கள் நெற்றியை இடித்துக்கொண்டு, "எந்த மடையன் வெச்ச வாசல் இது?" என்று ஏசுவார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பாள். "எந்த மடையன் எண்டு நான் சொல்லல்ல."

கடைசிவரை சொல்லவில்லை. சண்டைக் காலத்தில் தியேட்டரைப் பூட்டினார்கள். சுனாமியில் கடல் வந்த பிறகு நிவாரண அரிசி அடுக்கினார்கள். அதற்குப் பிறகு வௌவால்தான். அவள் மௌத்தாகி ஆறு வருஷம்.

இடிக்கிற அன்று தெற்குப் பக்கம் போய் நின்றேன். அந்த வாசல் நிலையைக் கழற்றித் தரச் சொல்லி மெஷின்காரரிடம் கேட்டேன். "பெரியவர், உக்கின பலகை. என்னத்துக்கு?" என்றார். நான் காரணம் தேடுவதற்குள் சுவர் போய்விட்டது. அவள் இவ்வளவு உயரம் என்று கைவைத்துக் காட்ட அந்த ஒரு இடம்தான் எனக்கு இருந்தது.

அங்கே முதலாளியின் மகன் கடைத்தொகுதி கட்டுகிறார். தியேட்டர் நினைவாகக் கல் பதிக்கிறாராம். அதில் வெட்டக் கடதாசியில் எழுதியிருப்பதை என் மகள் வாசித்துக் காட்டினாள். திரையைத் திருப்பினவர் இஞ்சினியராம். பெண்களுக்கு வாசல் வைத்தவர் முதலாளியாம். நான் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன். என் பெயர் இல்லை.

கல் இன்னும் வெட்டவில்லை என்கிறார்கள். கல்லுக்கு எழுதுகிறவர்களே, வெட்டமுதல் திருத்துங்கள். திரையைத் திருப்பினது மேசன், தெற்கு வாசலை வைத்ததும் மேசன் என்று என் பெயரோடு எழுதுங்கள். அந்த வாசல் யாருக்காக என்பதையும் எழுதுங்கள். வாசலின் உயரம் எழுத வேண்டுமென்றால், நான் இருக்கும்போதே வந்து அளந்துகொள்ளுங்கள். அவள் என் தோளுக்கு வருவாள். அதற்கு மேலே நாலு விரல்.