ரிங்கெட் ஆடும் பெண்ணின் அம்மா

எங்கள் பிளெய்ன்ஸ்பரோ குடியிருப்பில் கீழ்வீட்டு அம்மா ஒருவர், தன் மகளை ரிங்கெட்டில் சேர்க்கலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்ட கேள்வி. "உங்க அக்கா பொண்ணு ஆடுறாளே, என்னென்ன வேணும், எவ்ளோ கஷ்டம்னு கொஞ்சம் வாட்ஸப்ல போட்டுடுங்களேன்" என்றார். மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. எதையும் வரிசை போட்டு எழுதித்தான் பழக்கம். அன்று மாலையே அனுப்பிவிட்டேன். அனுப்பியதில் பொய் எதுவும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் அதிகம்.

பனித்தளத்தில் ஸ்கேட்ஸ் போட்டுக்கொண்டு ஆடும் ஆட்டம், பெரும்பாலும் பெண் பிள்ளைகள் ஆடுவது என்று ஆரம்பித்திருந்தேன். தூரத்தில் பார்த்தால் ஹாக்கி போலத் தெரியும். ஆனால் மட்டைக்கு வளைவு கிடையாது, நேரான கம்பு. பந்துக்குப் பதில் நீல நிற ரப்பர் வளையம். கம்பின் முனையை வளையத்துக்குள் குத்தி, தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். ஆளை மோதித் தள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தில் நாங்கள் கண்டது ஒரே ஒரு குழுதான், கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி நடத்துவது. எதிரணியோடு ஆட வேண்டுமென்றால் அவர்கள் வேறு மாநிலத்திலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் நாம் விடியற்காலையில் கிளம்ப வேண்டும்.

அடுத்தது சாமான்கள். ஸ்கேட்ஸ் முதல் வருஷம் வாடகைக்கு எடுப்பது நல்லது. வளர்கிற பிள்ளை என்று நம் வழக்கப்படி ஓர் அளவு பெரிதாக வாங்கக் கூடாது. கணுக்கால் மடங்கும், பிள்ளை தனக்கு ஆட வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். ஹெல்மெட்டில் முகத்துக்குக் கம்பிவலை இருக்க வேண்டும். எண்ணெய் வைத்துத் தூக்கிப் போட்ட கொண்டை அதற்குள் போகாது, கழுத்தோடு தாழப் பின்னிவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து எல்லாவற்றையும் காயவைக்காவிட்டால் நாற்றம் வாரக்கணக்கில் போகாது.

நான் எழுதாமல் விட்டது என் அக்காவைப் பற்றி.

அக்காவும் மாமாவும் இதே குடியிருப்பில், இரண்டு கட்டடம் தள்ளி இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே மகள். போன வருஷம் மூன்றாம் வகுப்பு. தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். பள்ளியில் யாரோ கொடுத்த துண்டுத்தாளை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்புக்குப் பதில் ரிங்கெட்டுக்குத்தான் போவேன் என்று நின்றாள்.

"ஏன்டி, உலகத்துல உனக்கு வேற கேமே கிடைக்கலையா? நமக்கெல்லாம் ஐஸ்னா ஜூஸ்ல போடுறது" என்றாள் அக்கா.

"அம்மா, ப்ளீஸ்."

"முன்பல்லு போச்சுன்னா அப்புறம் போட்டோல வாயை மூடிட்டுத்தான் நிக்கணும், பாத்துக்கோ."

"ஹெல்மெட்ல கேஜ் இருக்கு, அம்மா!" என்று ஒரு முறை தமிழிலேயே சொன்னாள்.

"கூண்டா? அப்ப சரி. உன்னை அதுலதான் போட்டு வைக்கணும்" என்று சொல்லி அக்கா அன்றே பணம் கட்டிவிட்டாள். கட்டிய பிறகும் இரண்டு நாள், நாட்டியத்தை விட்டதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாள். அது அவள் சுபாவம். சம்மதித்த பிறகுதான் அவளுக்குச் சண்டையே ஆரம்பிக்கும்.

முதல் வாரங்களில் அக்காதான் அழைத்துப் போனாள். ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு பெஞ்சின் மேல் வரிசையில் உட்கார்ந்து, "ஓடு, ஓடு" என்று தமிழில் கத்துவாள். குழுவை நடத்தும் கோச்சும் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் அவரே "ஓடு" என்று கத்த, எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அக்காவின் குடலில் கட்டி என்று தெரிந்தது. கல்லீரலுக்கும் போயிருந்தது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்துகளில் ஒன்றுக்கு ஒரு குணம் உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குளிர் ஆகாது. குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டை இறுகிக்கொள்ளும். ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுக்கும்போது விரல்களில் மின்சாரம் பாய்ந்ததுபோல இழுக்கும். அக்கா வீட்டுக்குள்ளேயே கையுறை போட ஆரம்பித்தாள். பனித்தளம் இருக்கும் அரங்குக்குள் கால் வைக்கவே கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் நோய்க்குப் பெயர் சொல்வதில்லை. பெரியவர்களுக்கு வந்தபோதெல்லாம் "உடம்பு சரியில்ல" என்பதோடு முடிந்துவிடும். குழந்தைகள் எதிரில் அதுவும் கிடையாது. அக்காவும் அதைத்தான் செய்தாள்.

"அவகிட்ட சொல்லக்கூடாது. ஊர்ல அம்மாகிட்டயும் இப்ப வேண்டாம்" என்றாள் என்னிடமும் மாமாவிடமும். "சொல்லிட்டா எல்லாரும் என்னையே பாத்துட்டிருப்பீங்க. அவளாவது என்னைச் சாதாரணமா பாக்கட்டும்."

மாமா தலையாட்டினார். நானும் ஆட்டினேன். கையுறைக்கு, தோல் வறண்டுவிட்டது என்று காரணம் சொன்னோம். களைப்புக்கு ஆபீஸ் வேலை. சனிக்கிழமைகளில் அழைத்துப் போக நான்.

ரிங்கெட்டில் ஒரு விதி உண்டு. தளத்தின் குறுக்கே நீலக் கோடுகள் போட்டிருக்கும். வளையத்தை வைத்திருப்பவள் தானே அதைத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டக் கூடாது, இன்னொருத்திக்குத் தள்ளிவிட வேண்டும். அக்கா மகள் வேகமாக ஓடுகிறவள் இல்லை. ஆனால் கோட்டுக்கு முன்னால் சரியாகத் தள்ளிவிடத் தெரிந்தவள். தள்ளிவிட்டதும் தலையைத் தூக்கி, மேல் வரிசையில் அக்கா உட்காரும் இடத்தைப் பார்ப்பாள். நான் கீழ் வரிசையில் இருந்து கையை ஆட்டுவேன். என்னைப் பார்க்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

பெஞ்சில் ஆள் இல்லாவிட்டால் பிள்ளை அதற்கு ஒரு காரணத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது "இஸ் ஷி ஸ்டில் ஆங்ரி?" என்று இரண்டொரு தடவை கேட்டாள். "யாரு? எதுக்கு?" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் ஆட்டம் குளிர்காலத்தின் நடுவில் வந்தது. பென்சில்வேனியாவிலிருந்து ஓர் அணி வந்திருந்தது. மருந்து இல்லாத வாரம். அக்கா, நானும் வருகிறேன் என்று காரில் ஏறிக்கொண்டாள். அரங்கு வாசலில் கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளேயிருந்து குளிர் வந்து அடித்தது. அவள் இறங்கவில்லை. "நீங்க போங்க. எனக்கு ஒரு ஆபீஸ் கால் இருக்கு, முடிச்சிட்டு வரேன்" என்றாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கால்.

உடை மாற்றும் அறையில் மற்ற பிள்ளைகள் தயாராகி வெளியே போய்விட்டார்கள். நான் மண்டியிட்டு ஸ்கேட்ஸ் நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே அக்கா மகள் பேசினாள். அழவில்லை. இன்றோடு இதை விட்டுவிடப் போகிறாளாம். நாட்டிய வகுப்பில் சேர்ந்துகொள்வாள். அங்கே அம்மா வருவாள். இவ்வளவு தூரம் வந்தும் உள்ளே வரவில்லை என்றால், இந்த ஆட்டத்தை அம்மாவுக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. கோச்சிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.

ஒரு காலில் நாடா கட்டாமலே எழுந்து காருக்குப் போனேன். கண்ணாடியைத் தட்டி, அவள் சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா ஹீட்டரை அணைத்தாள். சால்வையை மூக்குவரை சுற்றிக்கொண்டு இறங்கி, எனக்கு முன்னால் நடந்தாள்.

"என்னடி, கேமை விட்டுடப் போறியாமே? யாரைக் கேட்டு?"

மகள் தரையைப் பார்த்தாள். "யூ ஹேட் இட்."

"நானா? ஓடு ஓடுன்னு கத்தித் தொண்டை போனது யாருக்கு?"

"தென் வொய் டோன்ட் யூ கம்?"

"மொதல்ல இதைப் போடு, டைம் ஆகுது" என்று அக்கா ஹெல்மெட்டை எடுத்தாள். தாடைக்குக் கீழே இருக்கும் கிளிப்பைக் கையுறையோடு மாட்ட முடியாது. பழக்க தோஷம், கையுறையைக் கழற்றிவிட்டாள். கதவோரம் கிடந்த ஹெல்மெட்டின் கம்பிவலை சில்லிட்டுப் போயிருந்தது. தொட்டதும் கையை உதறினாள். ஹெல்மெட் கீழே விழுந்து உருண்டது. அவள் விரல்கள் மடங்கி அப்படியே நின்றன.

"அம்மா?"

"ஒண்ணுமில்ல... குளிர் பட்டா கை இப்படி ஷாக் அடிக்குது, கண்ணா. தொண்டையும் அடைச்சிக்கும். எனக்குப் போடுற மருந்து அப்படி. அதான் உள்ள வர்றதில்ல. உன் மேல கோவமே இல்லடி."

"வாட் மருந்து?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். "வயித்துல கேன்சர்."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"ஆர் யூ கோயிங் டு டை?"

"தெரியல. சாகாம இருக்கத்தான் ட்ரை பண்ணிட்டிருக்கேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சித்திக்கு?"

"ம்."

"ஸோ ஒன்லி மீ" என்றாள்.

வெளியே கோச் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இன்னொரு நாடாவையும் கட்டி, கிளிப்பை மாட்டினேன். அவள் கம்பை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி, "கார்ல போய் உக்காரு, அம்மா. இட்ஸ் கோல்ட்" என்றாள்.

அக்கா போகவில்லை. அறையின் வாசலில், சால்வைக்குள் மூச்சு விட்டுக்கொண்டு நின்று, தன்னால் முடிந்தவரை பார்த்தாள். மகள் நீலக் கோட்டில் வளையத்தைத் தள்ளிவிட்டு, தலையைத் தூக்கி மேல் வரிசையைப் பார்க்காமல் நேராக வாசலைப் பார்த்தாள். அக்கா கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டவளை நான் காருக்குக் கூட்டிப் போனேன். "நல்லாத்தான் ஆடுறா, இல்ல?" என்று கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

நிறைய கோல் வாங்கித் தோற்றோம். ஆட்டம் முடிந்து மற்ற பிள்ளைகள் டோனட் பெட்டியைச் சுற்றி நின்றபோது அவளைக் காணவில்லை. தேடிப் போனால், கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். காற்று நிற்கும், மறுபடி பொத்தானை அமுக்குவாள். கை நன்றாகச் சூடான பிறகு, இரண்டையும் ஜாக்கெட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு காருக்கு ஓடி, அக்காவின் கன்னத்தைப் பிடித்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்படித்தான் நடந்தது. ஆட்டத்தை விடப் போவதில்லை என்று மகள் கோச்சிடம் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைகளில் அக்கா உடல் தாங்கினால் காரில் வந்து உட்காருவாள், தாங்காவிட்டால் வீட்டில் இருப்பாள். எப்படியானாலும், தளத்திலிருந்து வந்ததும் மகள் முதலில் போவது அந்த இயந்திரத்துக்குத்தான். வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்கும் வேலையையும் தனதாக்கிக்கொண்டாள். அப்பா திறந்தாலும் கோபப்படுவாள்.

கோடை தொடங்கும்போது அக்கா போய்விட்டாள்.

இந்த வருஷம் மறுபடி சேர்கிறாயா என்று மாமா தயங்கிக் கேட்டார். சேர்கிறேன் என்றாள். முதல் பயிற்சிக்கு நான்தான் அழைத்துப் போனேன். முடிந்து வெளியே வந்தவள், கழிப்பறைப் பக்கம் போகாமல் நேராகக் காருக்கு வந்து முன் இருக்கைக் கதவைத் திறந்தாள். அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் திறந்தபடியே நின்றாள். பிறகு பின்னால் ஏறி, ஈரக் கையுறையைக் கழற்றி, கையை முன்னால் நீட்டி என் கழுத்தில் வைத்தாள். உறைந்துபோன கை.

"சாரி. கோல்டா?" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.