போணி டிக்கெட்

சமூகம் எதனால் மாறுகிறது என்று கேட்டால் சட்டம், படிப்பு, மேடைப் பேச்சு என்று வரிசையாகச் சொல்வார்கள். பாலிடெக்னிக்கில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். என் விஷயத்தில் காரணங்கள் வேறு: ஒரு மழை, பின்னால் வந்த இன்னொரு பஸ், ஒரு டிரைவரின் அவசரம். இவற்றில் எதை முதலில் வைப்பது என்று இன்றும் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், கீழ்பென்னாத்தூரில், என் கணவர் மஞ்சள் காமாலையில் இறந்தார். மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்திருந்ததால் திருவண்ணாமலையில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். வேலை தற்காலிகம், ஒழுங்காக வந்தால் நிரந்தரம். இல்லையென்றால் எனக்கும் மாமியாருக்கும் கணவரின் அண்ணன் வீட்டு அடுப்படிதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அந்த மாதங்களில் எதுவுமே வரவில்லை. சோற்றில் உப்பில்லை என்பதுகூட யாராவது சொன்னால்தான் தெரியும்.

மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவரும் இளம் வயதில் கணவரை இழந்தவர்.

“வேலைக்குப் போ, வேணான்னு சொல்லல. ஆனா எல்லாரும் ஏறினப்புறம் ஏறு. காலைல மொதல்ல கெளம்பற வண்டி. எவன் வாயிலயும் விழக் கூடாது.”

பஸ் எங்கள் ஊரிலிருந்துதான் புறப்படும். டிரைவர் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவார். பிறகு கண்டக்டர் கிழிக்கும் முதல் டிக்கெட் போணி. அது பூவும் பொட்டுமாக இருக்கிற பெண்ணின் கைக்குப் போனால் அன்று வசூலுக்குக் குறைவிருக்காது என்பது அவர் நம்பிக்கை. என் கைக்குப் போகக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. சைக்கிள் கடை ஓரமாக நிற்பேன். வேர்க்கடலை மூட்டை, பால் கேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் ஏறிய பிறகு படியில் கால் வைப்பேன். முகூர்த்த நாட்களில் கால் வைக்கவும் இடம் இருக்காது. பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்ததில் போய்ச் சேர்ந்தால் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டை எடுத்து உள்ளே வைத்திருப்பார்கள்.

“உங்க கஷ்டம் தெரியுதும்மா,” என்றார் மேலதிகாரி. “ஆனா இன்னொரு வாட்டி லேட்டுன்னா, பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாது. கொஞ்சம் சீக்கிரம் கெளம்புங்களேன்.”

முதல் ஆளாக வந்து நிற்பதே நான்தான் என்று எப்படி விளக்குவது? “சரிங்க சார்” என்றேன்.

ஐப்பசியில் ஒரு காலை நல்ல மழை. நிறுத்தத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. டிரைவர் ஏற்றிய கற்பூரம் அணைந்தது, மறுபடி ஏற்றினார். கண்டக்டர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். யாராவது ஓடி வருகிறார்களா என்று நானும் பார்த்தேன்.

“இன்னாடா பாக்கற?” என்றார் டிரைவர். “செஞ்சி வண்டி பின்னாலயே வரான். அவன் முந்திக்கினா வழில ஒரு டிக்கெட்டு மிஞ்சாது.”

“போணி ஆவலண்ணே.”

“அதோ நிக்குதே.”

“அண்ணே…”

“உன் போணிய நீயே கட்டிக்கினு அழு. நான் வண்டிய எடுக்கறேன்.”

கண்டக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “ஏறுங்கக்கா.”

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டயர் வெடிக்கவில்லை. பிரேக் பிடித்தது. வழியில் நின்றவர்கள் எல்லோரும் ஏறினார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சோதனை முடிவு எழுதுவதுபோல இவற்றை மனத்தில் எழுதிக்கொண்டேன். சந்தோஷம் என்று எதுவும் இல்லை. சீட்டு ஈரமாக இருந்தது.

மறுநாள் மழை விட்டிருந்தது. கூட்டமும் வந்துவிட்டது. நான் சைக்கிள் கடை ஓரம் போய் நின்றேன். கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“நேத்து கலெக்‌ஷன் ஒன்னும் கம்மியில்ல. சும்மா வந்து ஏறுங்கக்கா, டைம் ஆவுது.”

“இன்னாப்பா, புதுப் பழக்கம்?” என்றார் கூடைக்காரம்மா ஒருவர்.

“ஒனக்கு சகுனம் சரியில்லன்னா செஞ்சி வண்டில வா, ஆயா.”

“அவன் எங்கடா இங்க நிறுத்தறான்!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏறினேன். கூடைக்காரம்மா முணுமுணுத்துக்கொண்டே எனக்குப் பின்னால் ஏறினார்.

சாயங்காலம் நான் வீடு வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது.

“மொதல்ல ஏறினியாமே?” என்றார் மாமியார்.

“ஆமா அத்தே. நேத்தும்.”

“வண்டிக்கு ஒன்னும் ஆவலியா?”

“ஆவல.”

“ஆப்பீசுக்கு?”

“டைமுக்குப் போயிட்டேன்.”

சோறு போட்டார். அவர் போட்ட நிபந்தனையை மீறியாயிற்று, வேலைக்குப் போவது இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதும் எனக்குள் எதுவும் அசையவில்லை. ரசம் ஊற்றும்போது கேட்டார்.

“ஒக்காந்துகினா போன?”

“ஜன்னலோரமா.”

அவர் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். எப்போதாவது டவுனுக்குப் போகும்போது அவர் கடைசியில் ஏறி நின்றுகொண்டே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை நான் தலை வாரிக்கொண்டிருக்கும்போதே சாப்பாட்டு டப்பா தயாராக இருந்தது.

“இன்னும் இன்னா பண்ற?” என்றார். “கெளம்பு. வேற எவளாவது ஒக்காந்துடப் போறா.”