வாசலில் உதறிய தூசி

எங்கள் ஊர் எருத்தேன்பதியில் ஒரு தென்னைநார் மில் வருவதாக இருந்தது, என் வீட்டுக்குப் பின்னால். ஊருக்கே இருமல் வரும் என்று வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கி விரட்டிவிட்டேன். மில் பொள்ளாச்சிப் பக்கம் போனது. இப்போது என் தோப்புத் தேங்காய் மட்டை லாரியில் அங்கே போகிறது. ஊர்ப் பெண்கள் வேனில் போகிறார்கள்.

அப்படி வேலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுச் சரசு, ஒரு சாயங்காலம் மோர் கேட்டு வந்தாள். தலையெல்லாம் நார்த்தூசி.

“வெளியவே உதறிட்டு வா சரசு” என்றேன்.

வாசலில் நின்று உதறினாள், இருமினாள். “உங்க தோப்பு மட்டைதானுங்ண்ணா” என்று சிரித்தாள். “இருமல் வருமுன்னு சொல்லித்தானுங்களே அன்னிக்கு எங்கிட்டக் கையெழுத்து வாங்குனீங்க?”

குத்திக்காட்டவில்லை. சும்மாதான் கேட்டாள்.

மனு எழுதிய கையாலேயே மோரை ஊற்றிக் கொடுத்தேன். த்தூ, நானெல்லாம் என்ன மனுஷன்!