வறண்டது என்று எழுதிக் கொடுத்த போர்

குஜிலியம்பாறைப் பக்கம் யாரிடமும் ஆழ்துளைப் போரில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் இல்லை என்பார்கள். எழுநூறு அடியில் ஊற்று பீய்ச்சிக்கொண்டிருந்தாலும் இல்லைதான். கண்படும் என்பது ஒரு காரணம். வறட்சி நிவாரணப் பட்டியலில் பெயர் விழும் என்பது இன்னொன்று. பேச்சாயியும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு போர் வெறும் புழுதியாய்ப் போய், மூன்றாவதில் தண்ணீர் கண்டவள். ஒன்றரை ஏக்கர் முருங்கை அதை நம்பித்தான் நிற்கிறது. பொய் சொன்னோம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஊரே சேர்ந்து சொன்னால் அதற்குப் பொய் என்று பெயர் கிடையாது.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி வந்தது. ஆலைப் புகைபோக்கியில் கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, லாரியில் கொண்டுவந்து, வறண்ட போர்களில் இறக்கிப் புதைத்துவிடுவார்களாம். பூமியின் சூடு தணியுமாம். வேறெங்கோ கடலுக்கடியில், துளை நிறைந்த மணற்கல்லில் செய்கிற வேலையை, தண்ணீருக்கே எளிதில் வழிவிடாத இந்தப் பாறையில் செய்துபார்க்க ஆசைப்பட்டவர்கள். தன் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டால் சுத்தமாகிவிட்டதாக நம்புகிறவன் மனிதன். வீட்டுக் குப்பையைக் கண்மாயில் கொட்டுகிறவனும் அப்படித்தான் நம்புகிறான். இவர்களிடம் கூடுதலாக வரைபடம் இருந்தது.

முதல் சோதனைக்குப் பேச்சாயியின் போரைத் தேர்ந்தெடுத்தார்கள். பொறியாளர் மோகன்குமார் காலையில் ஆட்களோடு வந்து குழாயில் அடையாளத்துக்கு நீலப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். மோட்டார் ஒயர் கண்ணெதிரே கிடந்தது. பட்டியல் படிக்கிறவருக்கு ஒயர் தெரிவதில்லை.

“வறண்ட போர்தானேம்மா. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. வாயு போட்ட இடத்துலயே இருக்கும், நகராது.”

“நகராதா? நான் மோட்டார் போட்டா ஜெரோம் அண்ணன் போர்ல தண்ணி எறங்குது அப்பு. ரெண்டும் ஒரே பாறை வெடிப்பு. தண்ணி போற வழியில ஒங்க காத்து போவாதாக்கும்?”

“தண்ணியா? வறண்டதுன்னு எழுதியிருக்கே.”

“எழுதிக் குடுத்தவ நாந்தேன்.”

வரப்பில் நின்ற பக்கத்துத் தோட்டக்காரர் ஜெரோம், சொல்லாதே என்று கண்ணைக் காட்டினார். அவள் ஸ்டார்ட்டரை அழுத்தினாள். மோகன்குமாரின் காலணி நனைந்தது. அவர் வெட்கப்படவில்லை; தாளைப் புரட்டினார்.

“சரி, அடுத்தது ஜெரோம். நீங்கதானே? உங்க போராவது வறண்டதா?”

“மாதா சத்தியமா சார். பத்து வருசமாச் சொட்டு இல்ல.”

அவர் முதுகுக்குப் பின்னால் வாழை ஆளுயரத்துக்குப் பச்சையாய் நின்றது.

“அப்ப இதுல கையெழுத்துப் போடுங்க.”

ஜெரோம் பேனாவை வாங்கினார். உண்மையைச் சொன்னால் நிவாரணம் போய்விடும், பேர் கெட்டுவிடும். அதற்குத் தண்ணீரே போகட்டும் என்று துணிந்த முகம்.

“அண்ணே, போட்டுறாதீக. ஒங்களுதுல எறக்குனா என்னுதும் போச்சு. நம்ம தண்ணி.”

“எந்தத் தண்ணி தங்கச்சி?” என்றார், ஒன்றும் அறியாதவர்போல.

பேச்சாயி வரப்பைத் தாண்டி அவருடைய மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். குழாய் இரண்டுமுறை செருமிவிட்டுத் தொட்டியில் கொட்டியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெரோம் தண்ணீரை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னைக்குத்தான் சார் வந்திருக்கு,” என்றார்.